மோட்டாருக்கு எதுக்கு இன்னொரு மோட்டார்?



போன பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். வராதவர்கள்தான் அதிகம் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செலவு ஒப்புதல் பட்டியலில் ஏழாவதாக, ‘பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் டேம்பர்களுக்கு எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர் பொருத்துதல், 2 எண்ணம்’ என்று ஒரு வரி இருந்தது. லிஃப்ட் கயிறு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி எல்லாம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டன. இந்த வரியில் மட்டும் வண்டி நின்றது. சி பிளாக் மாமி எழுந்து, “ஃபேனுக்குத்தான் மோட்டார் இருக்கே, மோட்டாருக்கு எதுக்கு இன்னொரு மோட்டார்?” என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. செயலாளர் சொன்ன விளக்கம் அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை.

அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றுபோனது. பராமரிப்புக்கு வந்த டெக்னீஷியன் எழுதிக்கொடுத்த அறிக்கையில், ‘இரண்டாவது ஷாஃப்டின் டேம்பர் கட்டுக்கம்பியால் திறந்தபடி கட்டிவைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வாக்கியம். “யார் கட்டினது?” என்று ஒருவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மாமியின் கேள்வி.

நான் பி.காம். படித்தவன். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பழக்கமான ஒரே இயந்திரம் நோட்டு எண்ணும் மெஷின்தான். ஆனாலும் புரியாத ஒரு செலவு வரியைப் பார்த்தால் அதன் பூர்வீகம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு மாதமாகப் படித்ததில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருப்பது தெரிந்தது.

டேம்பர் என்பது காற்றுக் குழாய்க்குள் இருக்கும் கதவு. ஜன்னலில் பழைய மர லூவர் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரித் தகடுகள் வரிசையாக ஓர் இரும்புச் சட்டத்தில் நிற்கும். தகடு படுத்தால் காற்று போகும், நிமிர்ந்தால் நிற்கும். காற்றைத் தள்ளுவது ஃபேன். எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தீர்மானிப்பது டேம்பர். தண்ணீர்க் குழாயில் வால்வு செய்யும் வேலையைத்தான் இது காற்றுக்குச் செய்கிறது. அந்தத் தகட்டையோ வால்வையோ திருப்பிவிடும் சின்ன மோட்டார்ப் பெட்டிதான் ஆக்சுவேட்டர். அது இல்லாத காலத்தில் யார் திருப்பினார்கள் என்று கேட்டால் கதை ஆரம்பமாகிவிடும்.

கணக்குப்பிள்ளைகளுக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்து அரசாங்கக் கஜானாவில் நூற்றாண்டுகளாக ஒரு பழக்கம் இருந்தது. வரவு செலவை மரக்குச்சியில் வெட்டுக் குறிகளாகப் போட்டு, குச்சியை நெடுக்குவாட்டில் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பாதியும் பொருந்தினால் கணக்கு சரி. பிற்பாடு அந்த முறை ஒழிந்துபோய், பழைய குச்சிகள் மலைபோலத் தேங்கிக் கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று, லண்டனில் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் அவற்றைப் போட்டு எரித்தார்கள். நாள் முழுக்க எரித்தார்கள். மத்தியானம் மேலே சபையைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள், தரை சுடுகிறது, புகை வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் தீப்பிடித்து, பழைய பார்லிமென்ட் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. பழைய கணக்கை ஒழிப்பதற்காக இவ்வளவு பெரிய விலை கொடுத்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கீழே ஒருவர் கொதிகலனைக் கவனிக்கிறார், மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். இது திரும்பத் திரும்ப வரும்.

தீக்குப் பிறகு உறுப்பினர்கள் உட்காரத் தற்காலிக மன்றம் ஒன்று தயாரானது. அதன் காற்றோட்டத்தை 1836இல் டேவிட் பாஸ்வெல் ரீட் என்கிற ஸ்காட்லாந்துக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இன்ஜினீயர் இல்லை. எடின்பரோவில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர், மருத்துவம் படித்தவர். மன்றத்தின் தரை முழுக்கப் பொடிப்பொடியாகத் துளை போட்டு, மேலே குதிரை மயிர்க் கம்பளம் விரித்து, கீழேயிருந்து காற்றை மெதுவாக மேலே வரவிட்டார். கெட்ட காற்றை இழுத்து வெளியேற்ற வெளியே உயரமான புகைபோக்கி, அதன் அடியில் நெருப்பு. திட்டம் பெரும்பாலும் வேலை செய்தது. ஆனால் ஒருவருக்குக் குளிர், பக்கத்தில் இருப்பவருக்கு வியர்வை. நம் கிளப் ஹவுஸ் ஏ.சி. ரிமோட்டுக்கு நடக்கிற சண்டை அன்றைக்கே அங்கே நடந்திருக்கிறது.

புதிய பார்லிமென்ட் மாளிகைக்கும் ரீட்தான் காற்றுக்காரர் என்று ஆனது. கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ரீட் குழாய்க்கும் சுரங்கத்துக்கும் இடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பாரி கொடுக்க மாட்டேன் என்றார். லண்டன் படங்களில் மாளிகையின் நடுவில் எண்கோணமாக ஒரு கோபுரம் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? அழகுக்குக் கட்டியது இல்லை அது. ரீடின் காற்று வெளியேறுவதற்காகவே திட்டத்தில் சேர்ந்தது. கடைசியில் அவர் நினைத்தபடி அது பயன்படவும் இல்லை. 1852இல் ரீடை அந்த வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல், மன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட வேண்டிவந்தது.

ரீடின் திட்டம் முழுசாக நிறைவேறிய இடம் லிவர்பூலில் 1854இல் திறந்த செயின்ட் ஜார்ஜ் ஹால். உலகத்தின் முதல் ஏர்கண்டிஷன் கட்டடம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. அடித்தளத்தில் பத்தடி அகலத்தில் நான்கு ஃபேன்கள். காற்றைச் சூடாக்க வெந்நீர்க் குழாய்கள். எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று முறைப்படுத்தியது என்ன தெரியுமா? கேன்வாஸ் துணி மடல்கள். அவற்றைத் திறந்து மூட ஆட்கள், நிறைய ஆட்கள். மேலே கச்சேரியும் நீதிமன்றமும் நடக்கும்போது, கீழே இருட்டில் இவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு இருந்தார்கள். நம் பேஸ்மென்டில் பொருத்தப்போகிற பெட்டியின் மூதாதை அந்த ஆட்கள்தான். அவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்தவற்றில் எங்கேயும் இல்லை. ரீட் அமெரிக்கா போய், 1863இல் வாஷிங்டனில் காலமானார்.

கதையும் அமெரிக்காவுக்குத்தான் போகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்று ஓர் ஊர். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர். குளிர்காலத்தில் வகுப்பறையைச் சூடாக்கும் காற்று கீழ்த்தளத்து உலையிலிருந்து வரும். அதைக் கூட்டிக் குறைக்க டேம்பர் உண்டு. ஆனால் அது இருப்பது கீழே, குளிர் தெரிவது மேலே. ஆகவே பள்ளியின் பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக மாடியேறி வந்து, கதவைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே போய் டேம்பரைத் திருப்ப வேண்டும். பாடம் நடுவில் அறுந்துபோகும். ஜான்சனுக்கு அது எரிச்சல்.

அவர் ஒரு கருவி செய்தார். அறையில் வெப்பநிலை மாறினால் மின்தொடர்பு சேர்ந்து கீழ்த்தளத்தில் ஒரு மணி அடிக்கும். மணி கேட்டதும் பணியாளர் டேம்பரைத் திருப்புவார். 1883இல் காப்புரிமை கிடைத்தது. கவனியுங்கள், டேம்பரைத் திருப்பிய கை இன்னும் மனிதருடையதுதான். மின்சாரம் செய்தது தகவல் சொல்வது மட்டும். மாடிப்படி ஏறி இறங்கும் வேலை அவருக்கு மிச்சமானது. ஆனால் இனிமேல் மேலே இருப்பவரைப் பார்க்கவே வேண்டாம், மணியை மட்டும் கேட்டால் போதும் என்றும் ஆனது. நல்லதா கெட்டதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வங்கிக் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. 1885இல் ஜான்சன் மில்வாக்கியில் கம்பெனி ஆரம்பித்தார். பிற்காலத்தில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் ஆனது அதுதான்.

அதே 1885இல், பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரத்தில், ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் கையையே எடுத்துவிட்டார். அவர் கருவிக்கு ‘டேம்பர் ஃபிளாப்பர்’ என்று பெயர். வீட்டு நிலக்கரி அடுப்புக்குக் காற்று போகும் வழியில் ஒரு மடல், அதிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியின் மறுமுனை ஒரு சின்ன மோட்டாரின் வளைகோலில். அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் மின்தொடர்பைச் சேர்க்கும். ஒரு மின்காந்தம் தடையை இழுத்துவிடும். மோட்டார் சரியாக அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். சங்கிலி இழுத்து மடல் திறக்கும், நெருப்பு வளரும். சூடு போதுமென்றானதும் இன்னொரு அரைச் சுற்று; மடல் மூடும், நெருப்பு அடங்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அந்த மோட்டாரைச் சுற்றவைத்தது மின்சாரம் இல்லை என்பதுதான். கடிகாரம் மாதிரி சாவி கொடுக்கிற சுருள்வில். எடிசனின் நியூயார்க் மின்நிலையம் 1882இல்தான் தொடங்கியது. எந்த வீட்டில் மின்சாரம் இருந்திருக்கும்? ஒரு பாட்டரியின் துளி மின்சாரம் ‘போ’ என்று உத்தரவு கொடுக்கும். உழைப்பது வில். இன்றைக்கு நாம் வாங்குகிற ஆக்சுவேட்டருக்குள்ளும் ஒரு சுருள்வில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிச் சற்றுப் பொறுங்கள். பட்ஸ் அந்தக் கம்பெனியில் நெடுநாள் நிலைக்கவில்லை. உரிமை கைமாறி, பெயர் மாறி, 1927இல் இண்டியானாவின் ஹனிவெல் கம்பெனியோடு சேர்ந்து, மினியாபொலிஸ் ஹனிவெல் ஆனது. வீட்டில் ஹனிவெல் பெயர் போட்ட பொருள் இருந்தால், அதன் குலமுதல்வர் ஒரு மடல், ஒரு சங்கிலி.

இதோடு மின்சாரம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. பெரிய கட்டடங்களில் அது தோற்றுப்போனது. மின்மணியைக் கண்டுபிடித்த அதே ஜான்சன், டேம்பரையும் வால்வையும் திருப்ப மின்சாரத்தை நம்பாமல் அழுத்தப்பட்ட காற்றுக்குப் போய்விட்டார். 1895இல் அறைக்கு அறை தனித்தனியாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் காற்றழுத்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கீழே ஒரு கம்ப்ரஸர். சுவருக்குள் மெல்லிய செப்புக் குழாய்கள். டேம்பரின் பக்கத்தில் ஒரு ரப்பர்ச் சவ்வு. காற்றழுத்தம் ஏறினால் சவ்வு உப்பி டேம்பரைத் தள்ளும். இறங்கினால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும். பொறி பறக்காது, முரட்டு பலம், ரிப்பேரும் சுலபம். அந்தக் காலத்து மின்மோட்டாரால் இதோடு போட்டி போட முடியவில்லை. கிட்டத்தட்ட நூறு வருஷம், உலகத்தின் பெரிய ஆபீஸ்களும் ஆஸ்பத்திரிகளும் இப்படித்தான் சுவருக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. குழாயில் கசிவு, எண்ணெய், ஈரம் என்று தொல்லைகள் உண்டு, கம்ப்ரஸரும் ராப்பகலாக ஓட வேண்டும். அந்தக் கதையை நீட்டவில்லை.

மின்சாரம் திரும்பி வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, 1980களில் கட்டடங்களின் கட்டுப்பாடு கம்ப்யூட்டர் கைக்குப் போனது. கம்ப்யூட்டருக்குப் புரிவது மின்பாஷைதான். இன்னொன்று பொருத்துகிற விதம். அதுவரை மின்மோட்டாரைப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்து, வளைகோல், நீளக் கம்பி, பந்துமூட்டு என்று கோத்து டேம்பரோடு இணைப்பார்கள். கோணம் கொஞ்சம் தப்பினாலும் மோட்டார் முழுசாகச் சுற்றும், தகடு பாதிதான் திறக்கும். நாளடைவில் திருகு தளரும். 1975இல் சுவிட்சர்லாந்தில் பெலிமோ என்ற கம்பெனி தொடங்கியது. டேம்பரின் தண்டிலேயே நேராக மாட்டி ஒரு கவ்வியால் இறுக்கிவிடுகிற ஆக்சுவேட்டரை அவர்கள் கொண்டுவந்தார்கள். கம்பியும் இல்லை, மூட்டும் இல்லை. இப்போது எந்தக் கம்பெனிப் பெட்டியை வாங்கினாலும் பெரும்பாலும் அந்த மாதிரிதான். உங்கள் பிள்ளைகள் வேலை பார்க்கிற ஐ.டி. கட்டடங்களில் குளிர்நீர்க் குழாய் வால்வுகளின் தலையில் உட்கார்ந்திருப்பதும் இதே குடும்பம்தான்.

இனி சுருள்வில்லுக்கு வருகிறேன். கரண்ட் போனால் டேம்பர் என்ன செய்ய வேண்டும்? சாதாரண ஆக்சுவேட்டர் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஸ்பிரிங் வைத்தது அப்படி நிற்காது. மோட்டார் சுற்றும்போதே ஸ்பிரிங்கையும் முறுக்கி வைத்துக்கொள்ளும்; கரண்ட் நின்றதும் ஸ்பிரிங் அவிழ்ந்து டேம்பரை ஒரு பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எந்தப் பக்கம் என்பதைப் பொருத்துகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டியைத் திருப்பி மாட்டினால் திசையும் திரும்பிவிடும். ஏ.சி. குழாய்க்குள் இருக்கும் தீத்தடுப்பு டேம்பர் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புகை மாடிமாடியாகப் போய்விடும். பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் டேம்பரோ திறந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புகை உள்ளேயே தங்கிவிடும். பெட்டி ஒன்றே, இடத்துக்கு இடம் தர்மம் வேறு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1980 நவம்பர் 21 காலை, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்து உணவகத்தில் மின்கோளாறு. நெருப்பு கீழ்த் தளங்களோடு நின்றுவிட்டது. ஆனால் இறந்தவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் நெருப்பையே பார்க்காதவர்கள். மேல் மாடிகளில் அறையிலும் நடையிலும் படிக்கட்டிலும் இருந்தவர்கள். கொன்றது புகை. லிஃப்ட் குழி, படிக்கட்டு, காற்றுக் குழாய் என்று கிடைத்த வழியிலெல்லாம் ஏறியிருக்கிறது. அதை மறிக்க வேண்டிய டேம்பர்களில் கோளாறு. செய்ய வேண்டிய நேரத்தில் அவை தங்கள் வேலையைச் செய்யவில்லை. அந்தத் தீக்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் உயரக் கட்டடங்களுக்கான தீப்பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. நம் நாட்டிலும் 2016ஆம் வருஷத்துத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீ நேரத்தில் பேஸ்மென்ட் கார் நிறுத்தத்தின் காற்றை மணிக்கு 12 முறை மாற்றும் அளவுக்கு வசதி கேட்கிறது. ஃபேன் இருந்தால் மட்டும் அது நடக்காது, தகடும் திறக்க வேண்டும்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்தக் கட்டுக்கம்பி.

அதைக் கட்டச் சொன்னவன் நான்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் பொருளாளராக இருந்தேன். இரண்டாவது ஷாஃப்டின் ஆக்சுவேட்டர் எரிந்துபோனது. பிடிமானம் இல்லாத தகடுகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. பி பிளாக் தரைத்தளத்தில் அப்போது கைக்குழந்தை. ராத்திரியெல்லாம் குழந்தை தூங்கவில்லை என்று நியாயமான புகார். புதுசுக்குக் கொட்டேஷன் வந்தது. அந்த வருஷம் பெயின்டிங் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. “அடுத்த பட்ஜெட்டில் பார்த்துக்கலாம், இப்போதைக்கு ஒரு கம்பி போட்டுக் கட்டிடுப்பா” என்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தற்காலிகமாகப் போட்டது வருஷக்கணக்காகக் கிடக்கும், போட்டவனே மறந்துபோவான். அப்படியே மறந்துபோனேன். பொதுக்குழுவில் கேட்டபோது வாய் வரவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

அதன் விளைவு என்ன? நம் இரண்டு ஷாஃப்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு ஃபேன் ஓடும், மற்றது மாற்றுக்கு. ஓடாத ஃபேனின் டேம்பர் மூடியிருந்தால், ஓடுகிற ஃபேன் சாய்தளப் பாதை வழியாக வருகிற புதுக்காற்றை பேஸ்மென்ட் முழுக்க இழுத்துக்கொண்டு வரும். அது திறந்தே கிடந்தால், காற்று அந்த ஷாஃப்ட் வழியாக உள்ளே வந்து, இந்த ஷாஃப்ட் வழியாக வெளியே போய்விடும். ஃபேன் ஓடுகிறது, மீட்டர் ஏறுகிறது, எதிர்மூலையில் காற்றே அசைவதில்லை. அந்த எதிர்மூலையில்தான் நம் செக்யூரிட்டி பெரியவரின் நாற்காலி. பன்னிரண்டு மணி நேர டியூட்டி. “சாயங்காலம் வண்டியெல்லாம் உள்ள வர்ற நேரம் மண்டை வலிக்குது சார்” என்று அவர் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். மாத்திரை வாங்கிக்கொடுத்திருக்கிறேன். கம்பி ஞாபகம் வரவில்லை.

போன மாதம் பொருத்துகிற வேலை நடந்தபோது கூடவே நின்றேன். வந்தவர் சின்னப் பையன், நிதானமான கைகள். முதலில் கம்பியை வெட்டினார். தகட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார், எங்கேயும் இடிக்கிறதா என்று. அப்புறம் அளவு. ஒரு சதுர மீட்டர் தகட்டுக்குச் சுமார் 5 நியூட்டன் மீட்டர் திருகுவிசை வேண்டும் என்பது தோராயக் கணக்காம். நம் தகடுகள் துருப்பிடித்தவை என்பதால் தாராளமாகவே எடுத்துக்கொண்டார். தண்டின் முனையில் ஒரு கோடு வெட்டியிருக்கிறது. தகடு உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வெளியே காட்டுகிற கோடு. அதைப் பார்த்து, ஸ்பிரிங் திறக்கும் பக்கம் வருகிற மாதிரி பெட்டியைத் திருப்பி வைத்தார். கவ்வியை இறுக்கினார். பெட்டியே சுழன்றுவிடாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு பட்டை. அதை மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் மாட்டினார். “ஒரேயடியா இறுக்கினா தண்டு திரும்புறப்போ திணறும் சார்” என்றார்.

முதல் டேம்பர் ஒழுங்காக ஓடியது. இரண்டாவதுக்குக் கரண்ட் கொடுத்ததும் பெட்டி மெல்ல உறுமியது. முள் நகர்ந்து முனைக்கு வந்தது. பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. “ஓகே சார்” என்று பையன் பேனல் கதவைச் சாத்தப் போனார். செக்யூரிட்டி பெரியவர் ஏணிமேல் நின்று, பார்வைத் துவாரத்துக்குள் என் மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தார். அங்கேயிருந்து குரல் வந்தது. “தம்பி, உள்ள ஆடவே இல்லையேப்பா.”

பையன் ஏறிப் பார்த்தார். கம்பி கட்டியிருந்த தண்டில் ஏழு வருஷத் துருவும் கிரீஸும் சேர்ந்து, கவ்வி பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. மோட்டார் சுற்றியது, தண்டு சுற்றவில்லை. பேனலுக்குத் தெரிந்தது மோட்டார் மட்டும்தான். லெட்ஜர் டேலி ஆகியிருக்கும், பெட்டியில் பணம் குறைவாக இருக்கும், அந்த மாதிரி. எமரித் தாள் போட்டுத் தண்டைத் தேய்த்து, துடைத்து, மறுபடி இறுக்கினார். இரண்டாம் தடவை தகடுகள் நிமிர்ந்து வரிசையாக மூடிக்கொண்டதைப் பெரியவர் ஏணிமேல் இருந்தபடியே சொல்லச் சொல்லக் கேட்டோம். பிறகு பையன் கரண்டை அணைத்தார். டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் சர்ரென்று ஸ்பிரிங் அவிழ, தகடுகள் தாமாகவே திறந்தன.

மாமிக்கு என் பதில் இதுதான்: முதல் மோட்டார் காற்றைத் தள்ள, இரண்டாவது மோட்டார் வழியைத் திறக்க. அது திறந்ததா என்று பார்க்க ஓர் ஆள் ஏணியில் ஏற வேண்டும், அந்த வேலைக்கு இன்னும் மோட்டார் வரவில்லை.

இனிமேல் மாதத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு, இரண்டு டேம்பரையும் கரண்ட் அணைத்துச் சோதிப்பதாகக் கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் பி பிளாக் லிஃப்ட் வழியாக பேஸ்மென்ட் ஃபேன் அறைக்கு வரலாம். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள், அந்த ஸ்பிரிங் சத்தம் அவர்களுக்குப் பிடிக்கும். சோதனைக்கு ஒரு ரெஜிஸ்டர் போட்டு, கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ‘துவாரத்தில் பார்த்தவர்’ என்று ஒரு கட்டம், அதற்கு அடுத்தது செயலாளர் கையெழுத்து. முதல் மாதம் முதல் கட்டத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூடவே நேரமும் எழுதியிருக்கிறார், 7.12 என்று.